கண்ணாடி அறையின் பொற்காலம்

உலக ஐஸ் ஹாக்கியின் வரலாற்றை எழுத உட்காரும் எவரும் மரக்காணத்தை விட்டுவிட்டு ஒரு பக்கம்கூட நகர முடியாது. இதுவரை எழுதியவர்கள் எல்லோரும் விட்டுவிட்டுத்தான் எழுதியிருக்கிறார்கள். பக்கங்களும் தாராளமாக நகர்ந்திருக்கின்றன. அதற்கு நாங்கள் என்ன செய்ய முடியும்?

எங்கள் ஊரில் ஐஸ் என்றால் மீன் பெட்டியில் போடுவது. எக்கியார்குப்பத்துக்குப் போகிற வண்டியிலிருந்து ஒரு துண்டு விழுந்தால் பொறுக்கி வாயில் போட்டுக்கொள்வதற்கு மேல் அதற்கு ஒரு பயன் இருப்பதாக யாரும் நினைத்ததில்லை. அதன்மேல் ஏறி நின்று சம்பளம் வாங்கியவன் அர்ச்சுனன் மகன் தேவா. கசகஸ்தானில், பெயரைச் சொன்னால் நாக்கு சுளுக்கிக்கொள்ளும் ஒரு சுரங்க ஊரின் அணியில், தடுப்பாட்டக்காரனாக இன்றைக்கும் ஆடுகிறான். போன பருவத்தில் அந்த அணி கோப்பையை வென்றது. தேவா கையில் சிறந்த தடுப்பாட்டக்காரன் என்று ஒரு கேடயம் கொடுத்தார்கள். செய்தி வந்த அன்று உப்பளச் சாலை டீக்கடையில் ஒருவரும் கிளாஸைக் கீழே வைக்கவில்லை.

"இப்ப என்னத்த ஆடுறான்," என்றான் செல்போன் கடை வேல்முருகன். "ஆரம்பத்துல ஆடினான் பாரு. அது ஆட்டம்."

எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள். அந்த ஆரம்பத்தை நினைத்தால் எனக்கும் பெருமூச்சுதான் வருகிறது.

தேவாவும் அர்ச்சுனனும் நடராசன் என்பவர் குத்தகை எடுத்த உப்பளத்தில் உப்பு வாரியவர்கள். உப்பு வாருவது பின்னோக்கி நடக்கிற வேலை. நீளக் கம்பின் நுனியில் ஒரு பலகை அடித்திருக்கும். அதைப் பாத்தியில் எட்டப் போட்டு, உப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டே பின்னால் போக வேண்டும். திரும்பிப் பார்த்தால் இழுப்பு கோணிவிடும். வரப்பு எங்கே வருகிறது என்பதைக் குதிகால்தான் சொல்ல வேண்டும். தேவா மீசை முளைக்கும் முன்பே பின்னால் நடப்பதில் அப்பனை மிஞ்சியவன். ஊரில் அதை ஒரு திறமை என்று யாரும் கருதவில்லை. முன்னேறுகிறவனைத்தான் எல்லோரும் மெச்சுவார்கள்.

கோட்டக்குப்பத்து நண்பன் ஒருவன் காட்டிய ஏஜென்ட் வழியாகத் தேவா வளைகுடாவுக்குப் போனான். பெரிய மால் ஒன்றுக்குள் பனித்தளம். வருகிறவர்களுக்குச் சறுக்குக் காலணி எடுத்துக் கொடுப்பதும், தளத்தில் உதிர்ந்து கிடக்கும் பனித்தூளை இழுத்து ஓரம் கட்டுவதும் வேலை. இழுப்பதற்கு அவன் கையில் கொடுத்தது நீளக் கம்பின் நுனியில் அடித்த பலகை. இதற்காகவா ஏஜென்டிடம் அத்தனை நாள் நடந்தோம் என்று அவனுக்கு அழுகை வந்ததாம். காலில் சறுக்குக் காலணியை மாட்டிவிட்டதும் பலகையை எட்டப் போட்டு இழுத்தான். பின்னால் போனான். போய்க்கொண்டே இருந்தான். முன்னால் போகக் கற்றுக்கொள்ளத்தான் அவனுக்கு மாதக்கணக்கில் ஆனது.

ஐஸ் ஹாக்கியில் தடுப்பாட்டக்காரனுக்கு வேண்டியது அதுதான். எதிரணிக்காரன் பாய்ந்து வரும்போது முகத்தை அவனுக்குக் காட்டியபடியே பின்னோக்கிச் சறுக்க வேண்டும். திரும்பிப் பார்க்கவும் கூடாது, கோல் எங்கே இருக்கிறது என்பதை மறக்கவும் கூடாது. அந்தத் தளத்தில் வெள்ளைக்காரர்கள் ஒரு கிளப் வைத்து ஆடிக்கொண்டிருந்தார்கள். ஆள் குறைந்த நாட்களில் தேவாவையும் இறக்கினார்கள். விடுமுறைக்கு வந்திருந்த கசகஸ்தான் கோச் ஒருவர், மற்றவர்கள் முன்னால் போவதைவிட வேகமாகப் பின்னால் போகிற கறுத்த பையனைக் கண்டார். அடுத்த ஐப்பசியில் தேவா பனி கொட்டுகிற அந்தச் சுரங்க ஊரில் இருந்தான். முதுகில் நாலாம் நம்பர்.

ஐப்பசியில்தான் அந்த விளையாட்டு சூடுபிடிக்கும். எங்கள் உப்புக்கு அப்போதுதான் பருவம் முடியும். மழை இறங்கிவிட்டால் பாத்தியெல்லாம் குளம். உப்பு அம்பாரங்கள் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு படுத்துவிடும். தை பிறக்கும்வரை ஊருக்கு வேலை கிடையாது. வேலை இல்லாத ஒரு ஊரும் தலைகால் புரியாத ஒரு விளையாட்டும் அப்படித்தான் சந்தித்துக்கொண்டன.

கல்யாண வீடுகளில் படம் காட்டுகிற புரொஜக்டர் வேல்முருகனிடம் இருந்தது. சாயங்காலம் ஏழு மணி வாக்கில் உப்பளக் குத்தகைதாரர் சங்கக் கட்டடத்தின் வெள்ளைச் சுவரில் ஆட்டத்தைப் போடுவான். வர்ணனை ரஷ்ய மொழியில். பந்து என்று கறுப்பாக ஒன்று இருப்பதாக வேல்முருகன் சத்தியம் செய்தான். எங்கள் கண்ணுக்கு அது கடைசிவரை அகப்படவில்லை. ஆகவே நாங்கள் தேவாவை மட்டும் பார்த்தோம்.

முதல் ஆட்டத்திலேயே அது நடந்தது. எதிரணிக்காரன் ஒருவன் ஓரமாகப் பாய்ந்து போனான். பின்னால் சறுக்கிக்கொண்டிருந்த தேவாவின் கம்பு நீண்டது. நுனி அவன் காலில் மாட்டியது. தேவா இழுத்தான். வந்தவன் மல்லாந்தான். விசில் ஊதியது. பட்டைச் சட்டை போட்ட ஒருவர் கையை உயர்த்தியபடி வந்து, தேவாவைப் பார்த்து, அந்தப் பக்கம் போகும்படி காட்டினார். எல்லோரும் ஒதுங்கி நின்றார்கள். தேவா தன்னந்தனியாக அத்தனை பெரிய தளத்தைக் கடந்து போனான். அங்கே ஒரு கண்ணாடி அறை. சீருடை போட்ட ஒருவர் எழுந்து கதவைத் திறந்தார். தேவா உள்ளே போய் உட்கார்ந்தான். அவர் கதவைச் சாத்தித் தாழ் போட்டுவிட்டு வாசலிலிருந்த நாற்காலியில் அமர்ந்தார். கேமரா தேவாவின் முகத்தை மட்டும் காட்டியது. கீழே அவன் பெயர் வந்தது. பெயருக்குப் பக்கத்தில் அவனுக்கென்றே ஒரு கடிகாரம் ஓடியது. மற்றவர்கள் வெளியே கிடந்து நாய்படாத பாடு பட்டுக்கொண்டிருந்தார்கள்.

சுவருக்கு முன்னால் ஊரே வாயடைத்து நின்றது. விளக்கம் சொல்லக் கூடியவர் ஒருவர்தான் இருந்தார், சங்கத் தலைவர் நடராசன்.

மரியாதை என்ற துறையில் அவர் கரை கண்டவர். தேர் இழுக்கிற அன்று யார் கையில் வடம் முதலில் கொடுக்கப்படுகிறது, கல்யாணப் பத்திரிகையில் யார் பெயர் எத்தனை பெரிய எழுத்தில் வருகிறது என்பதெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். சங்க அலுவலகத்தில் அப்போது கைவைத்த நாற்காலி ஒன்றே ஒன்றுதான். அது அவருடையது; அவர் இல்லாதபோது அவர் துண்டினுடையது. குத்தகைதாரர்களுக்குப் பெஞ்சு. உப்பு வாருகிறவர்கள் நிற்பார்கள். அர்ச்சுனன் அந்த அலுவலகத்தில் இளமைக்காலம் முழுவதும் நின்றவர்.

"தனியா உக்கார வெச்சிருக்கான் பாரு," என்றார் நடராசன். "கதவத் தொறந்து வுட ஒரு ஆளு. ஒக்காந்த எடத்துல கடிகாரம். அவன் ஓடலன்னாலும் ஆட்டம் நடக்குது பாரு, அதுக்குப் பேருதான்பா அந்தஸ்து."

அவர் சொன்ன கடைசி வாக்கியத்தில் சொந்த அனுபவம் இருந்தது. அவர் இல்லாமல் ஓடாத வேலை எதுவும் எங்கள் உப்பளத்தில் கிடையாது.

பிறகு அவர் திரும்பினார். சுவரோரம் தூறலில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு அர்ச்சுனன் நின்றிருந்தார்.

"ஏம்பா அர்ச்சுனா, ஏன் நிக்குற? உக்காரு."

தலைவர் வீட்டிலிருந்து இன்னொரு நாற்காலி வந்தது. கைவைத்தது. அர்ச்சுனன் ஆஸ்பத்திரியில் டாக்டருக்கு எதிரே உட்காருவதுபோல் அதன் நுனியில் உட்கார்ந்தார். அடுத்த ஆட்டத்தில் தேவா மறுபடியும் கண்ணாடி அறைக்குப் போனான், அர்ச்சுனன் நாற்காலியில் பாதிவரை போனார். கார்த்திகை முடிவதற்குள் அவர் முதுகு சாய்மானத்தைத் தொட்டுவிட்டது. அலுவலகத்துக்குள்ளும் அந்த நாற்காலி தலைவருக்கு எதிரே நிரந்தரமானது. பெஞ்சில் இருந்த குத்தகைதாரர்கள் நெளிந்தார்கள். மகனைக் கண்ணாடிக்குள் உட்கார வைத்தவன் என்ன செய்தாலும் பொறுத்துக்கொள்ளத்தானே வேண்டும்?

இனி நடந்ததைத் தேவாவின் அம்மா தெய்வநாயகி பிற்பாடு சொன்னார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மகனிடம் பேசும்போது, அந்தக் கண்ணாடி ரூமில் குளிருக்கு ஹீட்டர் வைத்திருக்கிறார்களா என்று கேட்டிருக்கிறார். எந்த ரூம் என்றான் தேவா. அவர் விளக்கினார்.

"அம்மா, அது மரியாத இல்லம்மா. தப்பு பண்ணா அதுக்குள்ள போடுவாங்க. ரெண்டு நிமிஷம். ஸ்கூல்ல பெஞ்சு மேல ஏத்துவாங்களே, அது மாதிரி."

அர்ச்சுனன் போனை வாங்கினார். என்ன தப்பு என்று கேட்டார்.

"கம்பப் போட்டு ஆள இழுக்குறேனாம். நானா செய்யலப்பா. பலக இழுத்த கையி, எதுனா எதிர்ல வந்தா இழுத்துடுது. இப்படியே போனா ஊருக்கு அனுப்பிடுவேன்னு கோச் சொல்லிட்டாரு."

அர்ச்சுனன் தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தாராம். பிறகு இதை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தார். நாற்காலி வந்ததும் மனுஷனுக்குப் புத்தி பின்னால் நடக்க ஆரம்பித்துவிட்டது என்றார் தெய்வநாயகி. அர்ச்சுனன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அலுவலகத்துக்குக் கிளம்பினார். தலைவருக்கு எதிரே சாய்ந்து உட்கார்ந்திருக்கும்போது பேசுவதற்கு என்ன இருக்கிறது?

அந்தப் பருவம் எங்களுக்குப் பொற்காலம். மழை கொட்டும், தார்ப்பாய்க்கு அடியில் ஊர் கூடியிருக்கும், சுண்டல் வரும், தேவா உள்ளே போவான். அவன் எழுந்து போகிற நடையை வைத்தே, இது அந்த அறைக்குத்தான் என்று சின்னப்பாப்பா கிழவி சொல்லிவிடுவாள். அவளுக்கு அப்போதே பல் கிடையாது, கண்ணும் சுமார். குப்பத்திலிருந்து வலை காயப்போட்டுவிட்டு ஆட்கள் வந்தார்கள். எதிரணிக்காரன் எவனாவது அந்த அறைக்குப் போனால் எங்கள் பக்கம் முகம் சுருங்கும். சிபாரிசில் போகிறான் என்போம்.

பருவம் முடிந்தபோது வேல்முருகன் அந்த லீக்கின் இணையதளத்தில் ஒரு பட்டியலைக் கண்டுபிடித்தான். ரஷ்ய மொழியில் இருந்த அதை எப்படியோ தமிழில் மாற்றிப் பார்த்ததில், 'நிமிடங்கள்' என்ற தலைப்பின்கீழ் தேவாவின் பெயர் எல்லோருக்கும் மேலே இருந்தது. எதன் நிமிடங்கள் என்று கேட்கிற சின்னப்புத்தி எங்களில் யாருக்கும் இல்லை. 'லீக்கிலேயே முதலிடம்' என்று கடற்கரைச் சாலையில் ஃபிளெக்ஸ் வைத்தோம். தேவா ஓரத்தில் ஸ்டாம்ப் அளவில் இருந்தான். நடுவில் தலைவர் இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு நின்றார்.

சித்திரையில் தேவா ஊருக்கு வந்தான். பாராட்டு விழாவுக்கு மேடை போட்டார்கள். தலைவர் சொந்தப் பொறுப்பில், திண்டிவனத்து அலுமினியக் கடையில் சொல்லி, மேடைமேல் கண்ணாடி அறை ஒன்றைக் கட்ட வைத்திருந்தார். வீடியோவை நிறுத்தி நிறுத்திக் காட்டிச் செய்தது. உள்ளே பெஞ்சு, வெளியே கதவாளுக்கு நாற்காலி, தாழ்ப்பாள் அங்கே இருப்பதுபோலவே வெளிப்பக்கம் மட்டும். காற்று வர வழி வைக்கவில்லை. வீடியோவில் அது தெரியவில்லையாம்.

தேவா மேடை ஏறியபோது அறையைப் பார்த்து நின்றுவிட்டான். பிறகு முன்வரிசையைப் பார்த்தான். அங்கே குத்தகைதாரர்களுக்கு நடுவில், கைவைத்த நாற்காலியில், சலவை வேட்டியில் அர்ச்சுனன் உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்திருந்தாலும் அவர் முழங்கால்கள் நிற்பதற்குத் தயாராக இருந்தன. தேவா உள்ளே போனான். தாழ் போடப்பட்டது. தலைவர் பேசத் தொடங்கினார்.

தலைவரின் பேச்சு, காந்தியடிகள் உப்பைக் கையில் எடுத்ததில் தொடங்கி, தான் சங்கத்தை எடுத்த வரலாற்றில் நெடுநேரம் தங்கியது. சித்திரை வெயில் கண்ணாடிக்குள் இறங்கியது. தேவாவின் சட்டை ஒட்டியது, பிறகு முகம் சிவந்தது, பிறகு கண்ணாடியில் ஆவி படிந்து அவனே தெரியாமல் போனான். கூட்டத்தில் உருக்கம் பரவியது. அழுகிறான் என்றார்கள். கடைசியில் கதவைக் கொஞ்சமாகத் திறந்து மைக்கை நீட்டி, அங்கே உட்கார்ந்திருக்கும்போது மனதில் என்ன தோன்றும் என்று தலைவர் கேட்டார்.

அர்ச்சுனன் நாற்காலியின் கைகளைப் பிடித்துக்கொண்டார். தேவா மைக்கை வைத்துக்கொண்டு மூச்சு வாங்கினான்.

"உள்ள இருக்கறப்போ, வெளிய நம்ம ஆளுங்க ஒருத்தன் குறைஞ்சு ஆடுறாங்களேன்னு இருக்கும். எப்படா கதவத் தொறப்பாங்கன்னு இருக்கும்."

சொன்னது அத்தனையும் உண்மை. கைத்தட்டல் அடங்க நேரமானது. இவ்வளவு மரியாதையிலும் இப்படி ஒரு அடக்கமா என்று தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தன்னிடம் இல்லாத ஒன்றைக் கண்டால் யாருக்கும் கண் கலங்கும்.

பொற்காலம் அதோடு முடிந்தது. அடுத்து வந்த ஐப்பசியில் கோச் தேவாவின் கம்பைப் பிடுங்கி வைத்துவிட்டு, பயிற்சியில் வெறுங்கையோடு ஆட விட்டார். தோளால் தடு, மார்பால் தடு, கையை மறந்துவிடு என்றார். கம்பு திரும்பிக் கைக்கு வந்தபோது இழுப்பு போய்விட்டிருந்தது. எதிரணிக்காரர்கள் அவனைத் தாண்ட முடியாமல் திரும்பினார்கள். அணி ஜெயிக்கத் தொடங்கியது. எங்களுக்கோ பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. நாலாம் நம்பர் மற்றவர்களோடு சேர்ந்து கூலியாள் மாதிரி ஓடிக்கொண்டிருந்தான். கண்ணாடி அறையில் யார் யாரோ உட்கார்ந்தார்கள்.

பையனை ஓரங்கட்டிவிட்டார்களோ என்று தலைவர் முதலில் கவலைப்பட்டார். பிறகு கவலைப்படுவதையும் நிறுத்திவிட்டார். குப்பத்து ஆட்கள் வருவது நின்றது. சுண்டல் நின்றது. மழை பலமாக இருந்த ஒரு காலையில் அர்ச்சுனன் அலுவலகத்துக்குப் போனபோது அவருடைய நாற்காலியில் தலைவரின் குடை உட்கார்ந்திருந்தது. சொட்டச் சொட்ட, இரண்டு கையிலும் சாய்ந்துகொண்டு. அர்ச்சுனன் அதை எடுத்து வைக்கவில்லை. குடையை எடு என்று யாரும் சொல்லவுமில்லை. அவர் நின்றார்.

அன்றைக்கு மகனுக்குப் போன் செய்தார். அதைப் பக்கத்திலிருந்து கேட்ட தெய்வநாயகி, அந்த மனுஷன் அதுவரை யாரிடமும் எதுவும் கேட்டதில்லை என்றார்.

"தேவா. மாசத்துக்கு ஒரு தடவையாவது உள்ள போய் உக்காருப்பா."

தேவா ஏன் என்று கேட்கவில்லை. மேடையிலிருந்து அந்த முழங்கால்களைப் பார்த்தவன்.

"சரிப்பா. நாளைக்குப் போறேன்."

மறுநாள் ஆட்டத்துக்குச் சுவர் முன்னால் வேல்முருகனும் அர்ச்சுனனும் நானும்தான். அணி ஒரு கோல் முன்னால் இருந்தது, முடியக் கொஞ்ச நேரமே இருந்தது. எதிரணிக்காரன் ஒருவன் தனியாகப் பாய்ந்து வந்தான். தேவா பின்னால் போனான், குதிகாலால் வரப்பைத் தேடுகிற அதே போக்கில். வந்தவன் பக்கவாட்டில் விலகினான். தேவாவின் கம்பு நீண்டது. நுனி அவன் கணுக்காலுக்கு அருகில் போய் நின்றது. ஒரே ஒரு இழுப்பு போதும். நாற்காலி திரும்பி வந்துவிடும்.

தரையில் குந்தியிருந்த அர்ச்சுனன் எழுந்துவிட்டார்.

"இழுக்காதடா," என்றார் சுவரைப் பார்த்து.

ஆட்டம் கொஞ்சம் தாமதமாகத்தான் இங்கே வந்து சேரும். அவர் சொல்வதற்கு முன்பே தேவா அங்கே முடிவெடுத்திருப்பான். கம்பு பின்வாங்கியது. தோளைக் கொடுத்து வந்தவனை ஓரச் சுவரில் சாத்தினான். கறுப்பாக ஒன்று எங்கோ உருண்டு போனது. சத்தியமாகச் சொல்கிறேன், அன்றைக்குத்தான் நான் அதைப் பார்த்தேன். விசில் ஊதவில்லை. யாரும் கையை உயர்த்தவில்லை. அர்ச்சுனன் ஆட்டம் முடியும்வரை நின்றபடியே பார்த்தார்.

அடுத்த நாள் மகன் போனில் மன்னிப்புக் கேட்டான். சும்மா இருடா என்றார் இவர். அலுவலகத்துக்குப் போய், குடை இல்லாத நாட்களிலும் நின்றுகொண்டார்.

மீதிக் கதையைத் தலைவரே முடித்து வைத்தார். பாராட்டு விழாவுக்குச் செய்த கண்ணாடி அறை அலுவலகத்துக்குப் பின்னால் கோழி அடைந்து கிடந்தது. அத்தனை பெரிய மரியாதை ஆளில்லாமல் வீணாவதை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. கழுவித் துடைத்து அலுவலகத்துக்குள் கொண்டுவந்து, ஒரு பக்கம் ஓட்டை போட்டு ஏசி மாட்டி, தன் நாற்காலியை உள்ளே போட்டுக்கொண்டார். யாராவது வந்தால் கண்ணாடிக்கு உள்ளிருந்து தலையசைப்பார். முறைப்படி கதவைத் திறந்து சாத்த ஓர் ஆள் வேண்டும். வீடியோவில் அந்த ஆளுக்குக் கைவைத்த நாற்காலி உண்டு. பெஞ்சில் இருந்தவர்கள் யாரும் கதவாளாக முன்வரவில்லை.

ஆகவே அர்ச்சுனன் உட்கார்ந்தார். இன்றைக்கும் அந்த வாசலில் சாய்ந்துதான் உட்கார்ந்திருக்கிறார். தேவாவின் ஆட்டம் வருகிற நாட்களில் செல்போனை மடியில் வைத்துப் பார்க்கிறார்.

தாழ்ப்பாளை உள்பக்கம் மாற்றச் சொல்லித் திண்டிவனத்துக்காரனிடம் சொல்லியிருக்கிறார்கள், அவன் இன்னும் வரவில்லை. தலைவருக்குச் சர்க்கரை வியாதி. அடிக்கடி ஒன்றுக்குப் போக வேண்டியிருக்கும். ஒவ்வொரு தடவையும் உள்ளேயிருந்து கண்ணாடியைத் தட்டித்தான் கேட்க வேண்டும். அர்ச்சுனன் திறக்க இரண்டு நிமிடம் ஆகும்.